ஜார்ஜ் குரோலியே

ஜார்ஜ் குரோலியே (பெப்ரவரி 4, 1887 - ஜூன் 18, 1945) கம்போடியாவின் புனோம் பென் நகரில் பிறந்த பிரெஞ்சு ஓவியரும் கெமர் கலை ஆய்வாளரும் ஆவார். நலிந்து வந்த கம்போடியக் கைவினைகளைக் காக்கக் கலைப்பள்ளி ஒன்றை நடத்தினார். இவர் நிறுவிய அருங்காட்சியகம் ஏப்ரல் 13, 1920 அன்று திறக்கப்பட்டது. அதுவே பின்னர் கம்போடியத் தேசிய அருங்காட்சியகம் ஆயிற்று.

தொடக்க காலக் கெமர் இந்துச் சிற்பங்களை அறிய விரும்புவோர் முதலில் காணவேண்டிய இடம் இதுவே. புனோம் டா குன்றில் கிடைத்த எட்டுக்கைத் திருமால் சிலை இங்குள்ளது. அதனுடன் இருந்த இராமர், பலராமர் சிலைகளும் இங்கு உள்ளன. திருமாலின் விரிந்த கைகள் முறியாதிருக்க, அவற்றைத் தாங்கும் வளைவு ஒன்றும் அதே மணற்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. பின்பலகையில் ஒட்டிய புடைப்புருவமாக நிறுத்திவிடாமல் முழுவுருவாகவே வடிக்கத் துணிந்த சிற்பிகள் கண்ட வழி இது.

இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியர் குரோலியேயைச் சிறைப்பிடித்தனர். சித்திரவதைக்கு ஆளாகி, பிறந்த நகரிலேயே இறந்தார்.