ஒராங்கியின் சந்துகளைத் தூய்மையாக்கிய அக்தர் ஹமீத் கான்

தூய்மையை ஈமானோடு சேர்த்துப் பேசும் சமுதாயம் நாம். ஆனால் வீட்டுக்குள் உளூ செய்து, வெண்ணிற ஆடை உடுத்தி, வாசலில் தேங்கி நிற்கும் சாக்கடையைத் தாண்டிப் பள்ளிவாசலுக்குப் போகும் நிலை இன்றும் பல நகரங்களில் இருக்கிறது. கேட்டால், அது அரசாங்கத்தின் வேலை என்கிறோம். இந்தப் பதிலோடு நின்றுவிடாத ஒரு மனிதரின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும். அவர்தான் டாக்டர் அக்தர் ஹமீத் கான்.

1914ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்தார். 1936இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பயிற்சி பெற்று, வங்காளத்தில் அதிகாரியானார். அன்றைய இந்தியாவில் அதைவிட உயர்ந்த பதவியைப் பெற்றோர் கனவிலும் கேட்க மாட்டார்கள்.

1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மடிந்தனர். ஆட்சியாளர்கள் அதைக் கையாண்ட விதம் அவர் மனத்தை உலுக்கியது. 1945இல் பதவியைத் துறந்தார். அதன்பின் அலிகர் அருகே ஒரு கிராமத்துக்குச் சென்று, கூலித் தொழிலாளியாகவும் பூட்டு செய்பவராகவும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஏழையின் வாழ்வை ஏழையாக இருந்தே அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிறகு டெல்லி ஜாமியா மில்லியாவில் ஆசிரியர் பணி. 1950இல் கிழக்கு பாகிஸ்தான் சென்று கொமில்லா விக்டோரியா கல்லூரியின் முதல்வரானார். 1959இல் அங்கு கிராம முன்னேற்றத்துக்கான கழகத்தை உருவாக்கி, சிறு விவசாயிகளைக் கூட்டுறவு சங்கங்களாகத் திரட்டினார். 1963இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 1971இல் வங்காளதேசம் தனி நாடானபோது, அவர் கட்டி எழுப்பிய களம் அவர் கையை விட்டுப் போனது.

வேறொருவராக இருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். அவரோ 1980இல், 65 வயதைக் கடந்த நிலையில், கராச்சியின் ஒராங்கிக்கு வந்தார்.

ஒராங்கி பெரும்பாலும் அங்கீகாரம் இல்லாத குடியிருப்பு. 1971க்குப் பின் கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் பெருமளவில் அங்கு குடியேறினர். உருது, பஷ்தூ, பஞ்சாபி எனப் பல மொழி பேசுவோர் அடுத்தடுத்து வாழ்ந்தனர். வீடுகளை அவர்களே கட்டிக்கொண்டார்கள். ஆனால் கழிவுநீர் போக வழியில்லை. எடுப்புக் கழிப்பறைகளும் நிரம்பி வழியும் உறிஞ்சுகுழிகளும்தான் இருந்தன. குழந்தைகள் விளையாடும் சந்துகளில் சாக்கடை ஓடியது. நோய் வீடு தவறாமல் நுழைந்தது.

அக்தர் ஹமீத் கான் உடனே எதையும் வாக்களிக்கவில்லை. பல மாதங்கள் சந்து சந்தாக நடந்தார். மக்களிடம் கேட்டார். பிறகு, பாதையை அடைத்து நிற்பவை நான்கு தடைகள் என்று கண்டார்.

முதலாவது, மனத்தடை. அரசு வந்து இலவசமாகச் செய்து தரும் என்ற காத்திருப்பு. இரண்டாவது, சமூகத் தடை. அண்டை வீட்டார் ஒன்றுகூடாமல் சாக்கடை அமைக்க முடியாது. ஒரு வீட்டுக் குழாய் அடுத்த வீட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? மூன்றாவது, பணத்தடை. ஒப்பந்தக்காரர்களின் செலவுக் கணக்கு ஏழைகளுக்கு எட்டாதது. நான்காவது, தொழில்நுட்பத் தடை. மட்டம் பார்க்கவும் குழாய் பதிக்கவும் மக்களுக்குத் தெரியாது.

இவற்றைக் கடக்க அவர் கண்ட வழி எளியது. ஊர் முழுவதையும் அல்ல, ஒரு சந்தை மட்டும் எடுத்துக்கொள்வது. இருபது, முப்பது வீடுகள். அந்த வீட்டார் தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் பணம் வசூலிப்பார், செலவும் செய்வார். ஒராங்கி முன்னோடித் திட்டம் என்ற அவரது அமைப்பு மக்களின் பணத்தைத் தொடாது. அளவெடுத்து வரைபடம் தரும், கருவிகளை இரவல் கொடுக்கும், வேலை செய்யக் கற்றுத் தரும்.

தொடக்கத்தில் வேலையில் குறைகள் இருந்தன. கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் போன்றோர் வந்து சேர்ந்து வடிவமைப்பை எளிமையாக்கினார்கள். ஒப்பந்தக்காரரின் இலாபமும் இடைத்தரகும் நீங்கியதால், ஒரு வீட்டுக்குச் சுமார் 1,000 ரூபாயில் கழிப்பறையும் சந்தின் குழாயும் அமைந்தன. அரசு முறையில் ஆகும் செலவில் அது சிறு பங்குதான். ஒரு சந்து காய்ந்து சுத்தமானதைக் கண்ட பக்கத்துச் சந்தார் தாங்களே தேடி வந்தார்கள். இப்படி ஆயிரக்கணக்கான சந்துகள் மாறின.

அரசின் பொறுப்பை அவர் தள்ளுபடி செய்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வீடும் சந்தும் மக்கள் பொறுப்பு; பெருங்கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. தன் பங்கை முடித்துவிட்டுக் கேட்பவனின் குரலுக்கு வலிமை அதிகம். கையில் வரைபடத்தோடு கேட்டால் அதிகாரியும் எளிதில் மறுக்க முடியாது.

அதன்பின் பெண்களுக்கான தையல் மையங்கள், சிறு தொழில்களுக்கான கடன், உடல்நலக் கல்வி, பள்ளிகளுக்கான உதவி எனப் பணி விரிந்தது. முதுமையில் அவர் மீது வழக்குகளும் தொடரப்பட்டன. அவர் ஒராங்கியைக் கைவிடவில்லை. 1999 அக்டோபரில், 85ஆம் வயதில் அமெரிக்காவில் காலமானார். உடல் கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒராங்கியில் அவர் பணியாற்றிய இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய எல்லாக் கருத்துகளோடும் நாம் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் வாழ்வு நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. நம் தெருவில் எத்தனை வீடுகள்? அவற்றில் எத்தனை வீட்டாரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்? அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர் வாசலில் நம் கழிவுநீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் அந்த உரிமையில் அடங்கும். வரும் ஜும்ஆவுக்குப் பின் நம் தெருவார் பத்துப் பேராவது ஒன்றாக உட்கார்ந்து, ஒரு குறையை மட்டும் எடுத்துப் பேசித் தொடங்கலாம்.

அதற்கான மனத்தையும் ஒற்றுமையையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக.