ஒண்முகில் கண்ட லெ ஜான்தி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் தை மாதத்து முன்னிரவுகளில் கம்பம் பள்ளத்தாக்கின் வானம் கழுவித் துடைத்தாற்போல் தெளிந்திருக்கும். மேற்கே ஏலமலைகளும் கிழக்கே வருசநாட்டு மலைகளும் அடிவானை மறைத்து நின்றாலும், தேனியிலோ பெரியகுளத்திலோ நின்று வடக்கே நோக்குவோர்க்குப் பழனிமலைத் தொடருக்கு மேலே மஞ்சள் ஒளி வீசும் பிரமகிருதயம் என்னும் விண்மீன் தப்பாது தென்படும். அது தேரோட்டி மண்டலத்தைச் சார்ந்தது. அம்மண்டலத்துள் வெறுங்கண்ணுக்கு எட்டாமல், சிறு தொலைநோக்கிக்கு மங்கிய வெண்திட்டுகளாய்ப் புலப்படும் விண்மீன் கொத்துகள் சில உள. அவற்றுள் இரண்டினுக்கு மெசியே 36, மெசியே 38 என்று இன்று பெயர். பெயருக்குரிய மெசியே அவற்றைக் காண்பதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1749ஆம் ஆண்டில், பாரிசு வானாய்வகத்து இளைஞர் ஒருவர் அவற்றைக் கண்டு குறித்திருந்தார். பின்னாளில் அவர் புதுச்சேரிக்கு வந்து ஏறத்தாழ ஈராண்டு தங்கித் தமிழர்தம் வானக் கணிதத்தைக் கற்றார். அவரே கியோம் லெ ஜான்தி.

உலகம் அவரை வேறொன்றுக்காக நினைவில் வைத்துள்ளது. ஞாயிற்றின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்து செல்லும் காட்சியைக் காணக் கடல் கடந்து வந்து, இருமுறையும் இழந்த நற்பேறற்றவர் என்பதே அவரைப் பற்றிய வழக்கு. கனடாவில் 1992இல் அவர் கதை நாடகமாக மேடையேறியது. 2007இல் இசை நாடகமும் ஆயிற்று. இழப்பு நாடகத்துக்கு ஏற்ற பொருள்தான். ஆயினும் அவ்விழப்பின் நிழலில், அவர் பெற்றவையும் தந்தவையும் மங்கிப் போயின என்பதை மறுத்தற்கில்லை.

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள கூத்தான்சு என்னும் ஊரில் 1725 செப்டம்பர் 12ஆம் நாள் அவர் பிறந்தார். சமயக் கல்வி பயின்று குருவாகும் நோக்குடன் பாரிசு சென்றவர், தெலீல் என்னும் வானியல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டு மனம் மாறினார். ஜாக் காசினியின் ஆதரவால் பாரிசு வானாய்வகத்தில் பயிற்சி பெற்றார். 1753இல் அறிவியல் கழக உறுப்பினரானார்.

அக்காலத்து வானியலார் ஒண்முகில்களைத் தேடியவரல்லர், அவற்றால் தொல்லையுற்றவர். நெபுலா என்று அவர்கள் வழங்கிய இம்மங்கலான திட்டுகள் வால்மீன்போல் தோன்றி ஏமாற்றின. எட்மண்டு ஹாலி 1716இல் ஆறு ஒண்முகில்களை மட்டுமே பட்டியலிட முடிந்தது. லகாய் என்பார் 1751-52இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்று தென்வானத்தில் 42 எண்ணிக் காட்டினார். மெசியே தம் பெரும்பட்டியலைத் தொகுத்ததும் வால்மீன் வேட்டைக்கு இடையூறாக நின்றவற்றை ஒதுக்கி வைப்பதற்கே. வேண்டாதவற்றின் பட்டியலாகத் தொடங்கியதே வானியலார் இன்று விரும்பிப் பயிலும் பட்டியலாயிற்று.

லெ ஜான்தியோ ஒண்முகிலை ஒண்முகிலாகவே நோக்கியவர். 1749 அக்டோபர் 29ஆம் நாள் இரவு, ஆந்திரோமேடா மண்டலத்துப் பெருமுகிலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அதனருகே மற்றொரு சிறுமுகில் இருத்தலைக் கண்டார். பெருமுகிலை அல் சூஃபி என்னும் பாரசீக அறிஞர் 964இலேயே நூலில் குறித்துள்ளார். அருகிருந்த சிறியதை முதற்கண் கண்டவர் லெ ஜான்தியே. இன்று அதன் பெயர் மெசியே 32. முகிலன்று அது, சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள தனியொரு விண்மீன் பேரண்டம். அவ்வுண்மையை மாந்தர் உணர 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேரோட்டியின் இரு கொத்துகளைச் சிசிலித் தீவின் ஓதியர்னா 1654க்கு முன்பே கண்டிருந்தார் எனினும் அவர் நூல் எவர் கையிலும் புழங்காது கிடந்தமையால், லெ ஜான்தி கண்டதும் தாமாகக் கண்டதேயாகும். அன்ன மண்டலத்தில் பால்வழியின் நடுவே கரிய வெளியொன்றையும் அவர் குறித்து வைத்தார். ஒளி இல்லாமையையும் ஒரு பொருளாக எண்ணிப் பதிவு செய்தமை கருதத்தக்கது. அஃது ஒளியை மறைக்கும் தூசு முகில் என்பது பின்னர் விளங்கிற்று. இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. ஒண்முகில்கள் பற்றிய அவர்தம் ஆய்வுரை, கழகத்தின் 1759ஆம் ஆண்டுக்குரிய தொகுதியில் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டே அவர் கடலேறினார். ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடையே உள்ள தொலைவை அளக்க ஹாலி ஒரு வழி கூறிச் சென்றிருந்தார். வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் நேரத்தைப் புவியின் பல மூலைகளிலிருந்து அளந்து ஒப்பிட்டால் அத்தொலைவு கிட்டும். கடப்பு எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நிகழும். பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிகழாது. 1761க்கும் 1769க்கும் உரிய அவ்விரு வாய்ப்புகளுள் முதலாவதற்கு லெ ஜான்தி தெரிந்துகொண்ட இடம் புதுச்சேரி. 1760 மார்ச்சு 26இல் பிரெசுட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஜூலையில், பிரெஞ்சுத் தீவு என அன்று வழங்கிய மொரீசியசை அடைந்தார். ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அங்கிருந்து மீண்டும் கப்பலேறி மலையாளக் கரையை நெருங்கிய நிலையில், 1761 மே 24இல், மாகியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த செய்தி எட்டியது. கப்பல் திரும்பிற்று. ஜூன் 6ஆம் நாள் நடுக்கடலில், ஆடும் தளத்தின்மீது நின்று அவர் வெள்ளிக் கடப்பைக் கண்ணாரக் கண்டார். நிற்கும் இடம் இன்னதென்று உறுதியாகத் தெரியாமலும் கடிகாரம் நிலைகொள்ளாமலும் கண்ட காட்சியால் கணிதத்துக்குப் பயனில்லை.

அவர் ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்பு வரை எட்டாண்டும் கீழைக்கடலிலேயே கழிப்பதென்று உறுதிபூண்டார். மடகாசுகர் கரையோரங்களை அளந்து படம் வரைந்தார். அவர் இவ்வாறு தீவுகளிடையே அலைந்துகொண்டிருந்த 1764ஆம் ஆண்டில்தான் பாரிசில் மெசியே, இரவு இரவாக ஒண்முகில்களைத் தேடித் தம் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணுங்கால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றுகின்றன. 1774இல் அச்சேறிய அப்பட்டியலில் 45 பொருள்கள் இருந்தன. மெசியே நேர்மையாளர், ஆந்திரோமேடாவின் சிறுமுகிலை முதலில் கண்டவர் லெ ஜான்தி என்று குறித்துச் சென்றார்.

1766இல் மணிலா சென்ற லெ ஜான்தி அங்கேயே இரண்டாம் கடப்பைக் காண எண்ணியிருந்தார். ஆனால் அங்கிருந்த இசுபானிய ஆளுநர் அவரை ஐயுற்றார். பாரிசுக் கழகத்தாரும் புதுச்சேரியையே விரும்பினர். 1768 மார்ச்சு 27இல் அவர் புதுச்சேரி மண்ணில் காலூன்றினார். நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்திருந்தது. ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய மாளிகைகள் மட்டும் இடிபாடாகவே கிடந்தன. அவ்விடிபாட்டின் ஒரு பகுதிமீது ஆளுநர் லா தெ லோரிசுத்தோன் அவருக்கொரு வானாய்வகம் எழுப்பிக் கொடுத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் சிறந்த தொலைநோக்கி ஒன்றை அனுப்பி உதவினர். புதுச்சேரியின் தை, மாசி இரவுகளில் வானம் காட்டும் தெளிவு அவர் ஐரோப்பாவில் கண்டறியாதது.

1769 மே முழுதும் காலைகள் தெளிந்திருந்தன. ஜூன் 3ஆம் நாள் இரவில் ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு மகிழ்ந்தனர். பின்னிரவில் காற்று மாறியது, முகில் திரண்டது. மறுநாள் விடியலில் எழுந்த ஞாயிற்றின்மீது வெள்ளி ஊர்ந்து சென்ற நேரமெல்லாம் முகில் விலகவேயில்லை. கடப்பு முடிந்த சிறிது நேரத்தில் வெயில் எறித்தது. அன்று பகல் முழுதும் எறித்தது. மணிலாவிலோ வானம் தெளிந்திருந்ததாம். வெள்ளி திசை திரிந்து சென்றால் மழை பொய்க்கும் என நம் சங்கப் புலவர் கருதினர். வெள்ளிக்காகவே தவமிருந்தவரை முகில் சூழ்ந்த விந்தையை எந்தப் புலவரும் பாடவில்லை. இரு வாரங்களுக்கு மேல் அவரால் எழுதுகோலைத் தொட முடியவில்லை.

இத்துடன் பலரும் கதையை முடித்துவிடுகின்றனர். ஆயினும் புதுச்சேரியில் அவர் வானத்தை மட்டும் நோக்கியிருந்தாரல்லர். வீராம்பட்டினத்தை அடுத்த ஆற்றங்கரையில் மக்கள் பழம்பெரும் செங்கற்களைப் பெயர்த்தெடுத்தலைக் கண்டு எழுதிவைத்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உலகுக்குக் காட்டிய அரிக்கமேடு அதுவே. அனைத்தினும் மேலாக, தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர்களிடம் அமர்ந்து கிரகணம் கணிக்கும் முறையைப் பயின்றார்.

ஏடும் எழுத்தாணியும் இன்றித் தரையிலோ பலகையிலோ சோழிகளைப் பரப்பி, அவற்றை நகர்த்தியும் கூட்டியும் குறைத்தும் அக்கணிதர்கள் கணக்கிட்டனர். வேண்டிய எண்கள் எல்லாம் அவர்கள் நெஞ்சில் இருந்தன. எண்ணாக அல்ல, சொல்லாக. எழுத்துக்கு எண் வகுத்து, ஒவ்வோர் எண்ணையும் பொருள்தரும் சிறு தொடராக்கி மனனம் செய்யும் மரபு அது. வாக்கியம் என்னும் பெயர் அதனால் வந்தது. நிலவுக்குரிய வாக்கியங்கள் 248. நிலவு புவிக்கு அண்மையில் வந்து மீண்டும் அண்மையில் வரும் காலம் ஒன்பது முறை சுழன்றால் ஏறத்தாழ 248 நாள் நிறையும், நாளுக்கொரு வாக்கியம். குச்சனூருக்குச் சனிப்பெயர்ச்சி வழிபாட்டுக்குச் செல்வோர் வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு பஞ்சாங்க வழக்குகளைக் கேட்டறிந்திருப்பர். முன்னதன் மூலமுறை இதுவே. யாப்பும் சொல்லும் கணிதத்தின் கருவூலமாய் இருந்த இச்செய்தி, கவிஞர் எவரும் ஒருகணம் நின்று எண்ணத்தக்கது.

லெ ஜான்தி அவர்களைச் சோதித்தார். 1765 ஆகசுட்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழ்க் கணிதர் கணித்துக் காட்டியதில், கிரகணம் நீடித்த கால அளவு உண்மையினும் 41 விநாடி குறைந்திருந்தது. அன்று ஐரோப்பா போற்றிய தோபியாசு மேயரின் அட்டவணை வழியே பிழை 68 விநாடி. இதனை மறையாது எழுதிய நேர்மை லெ ஜான்திக்கு உண்டு. இவர்கள் விரைந்து கணிக்கின்றனரேயன்றிக் காரணம் அறியார் என்று குறைபட்ட செருக்கும் அவருக்கு உண்டு. அக்குறையில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. 41 விநாடியைக் காட்டிப் பெருமிதம் கொள்வோர் மற்றொரு சான்றையும் நோக்குதல் வேண்டும். 1825இல் ஜான் வாரன், புதுச்சேரிவாழ் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளால் கிரகணம் கணித்ததைத் தம் காலசங்கலித நூலில் விரித்துரைத்தார். அதில் தொடக்க நேரம் 4 நிமிடமே பிழைத்தது. முடிவு நேரமோ 52 நிமிடம் பிழைத்தது. எனினும் வாரன் அக்கணிதரின் பெயரை எழுதிவைத்தார். சாமிநாதன் சேஷய்யா என்று அதனைப் படிக்கலாம். 41 விநாடிச் செய்தியை எடுத்தாண்ட பிற்கால நூல்களிலோ பெரும்பாலும் எண் மட்டுமே நிற்கிறது. ஐரோப்பியரை விஞ்சிய கணக்கைப் போட்டவர் யார் என்று கேட்பாரில்லை.

1770 மார்ச்சு முதல் நாள், நோயுற்ற உடம்போடு அவர் புதுச்சேரியை நீங்கினார். வழியில் புயலால் கப்பல் பழுதுற்று மொரீசியசுக்கே மீண்டது. பின்னர் இசுபானியக் கப்பலொன்றில் இடம்பெற்றுக் காதிசு சேர்ந்து, தரைவழியே பிரெனீசு மலை கடந்து, 1771 அக்டோபர் 8இல் தாய்நாட்டு எல்லையில் காலெடுத்து வைத்தார். பதினோராண்டும் ஆறு திங்களும் கழிந்திருந்தன. அவர் எழுதிய கடிதங்கள் வந்து சேராமையால் இறந்தவராகவே கருதப்பட்டார். உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. வழக்காடினார், பொருள் இழந்தார், கழக இடத்தை மீண்டும் பெற்றார். மணந்து, மகளொருத்திக்குத் தந்தையாகி, வானாய்வகத்திலேயே அமைதியாக வாழ்ந்தார்.

அவர்தம் பயண நூலின் இரு தொகுதிகளும் 1779இலும் 1781இலும் வெளிவந்தன. தமிழர் வானக்கணிதம் அதன்வழி ஐரோப்பாவை எட்டியது. பாயி என்னும் அறிஞர் 1787இல் இந்திய வானியல் பற்றிப் பெருநூல் எழுதியபோது லெ ஜான்தி கொணர்ந்தவற்றையும் அடிப்படையாகக் கொண்டார்.

1792 அக்டோபர் 22இல் பாரிசில் லெ ஜான்தி மறைந்தார். அதே 1792ஆம் ஆண்டில்தான் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆங்கிலக் கும்பினியார் வானாய்வகக் கட்டடத்தை எழுப்பினர். பின்னாளில் சோழிக் கணக்கை எழுதிய வாரன் அங்குப் பணியாற்றியவர். அவ்வாய்வகத்தின் பணி 1899இல் கோடைக்கானலுக்கு, தேரோட்டியின் கீழே இருளில் கிடக்கும் அந்தப் பழனிமலை உச்சிக்கு, மாற்றப்பட்டது. முகில் மறைக்காத நாள்களில் இன்றும் அங்கு ஞாயிற்றைப் படமெடுத்து வருகின்றனர்.