மணலை நம்பிக் கட்டிய சர் ஆர்தர் காட்டன்

சிவில் பிரிவில் படித்த நம் நண்பர்கள் யாருக்கும் சர் ஆர்தர் காட்டன் பெயர் புதிதல்ல. பாசனப் பாடத்தில் அவரை ஒரு பத்தியில் படித்து, மார்க் வாங்கி, மறந்தும் விட்டோம். அவரை அஸ்திவாரப் பாடத்தில் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1821-ல், பதினெட்டு வயதில், ராணுவப் பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். சில ஆண்டுகளில் காவிரிப் பாசனத்தை ஆராயும் வேலை அவர் கைக்கு வந்தது.

அப்போது தஞ்சை ஜில்லா தவித்துக்கொண்டிருந்தது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் சரிவு அதிகமுள்ளது. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடும். காவிரி வாயில் மணல் மேடிட்டு வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் குறுக்கே அணை போட்டால் தீரும். ஆனால் ஆற்றில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான்; பாறை எங்கே என்று யாருக்குத் தெரியும்?

நம்ம ஊர்ப் பக்கமும் இதே கதைதானே! காளப்பநாயக்கன்பட்டியில், கொல்லிமலை அடிவாரத்தில், ஒரு காட்டில் கிணறு வெட்டினால் சீக்கிரமே பாறை தட்டும். வரப்புக்கு அந்தப் பக்கம் வெட்டினால் இறங்கிக்கொண்டே போகும். மண்ணுக்குள்ளே இருப்பதை வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

காட்டனுக்கு விடை கல்லணையில் கிடைத்தது. கரிகாலன் காலத்தவர்கள் பாறையைத் தேடவில்லை. பெரிய கற்களை மணலில் போட்டு, அவை புதைந்து நிலைக்கும்வரை மேலே மேலே அடுக்கினார்கள். காட்டன் அந்த வித்தையை மரியாதையோடு கற்றுக்கொண்டார். முக்கொம்பில் கிணறுகளை மணலில் இறக்கி, மேலே கட்டுமானம் எழுப்பி, பின்பக்கம் அரிப்பு வராமல் கல் தளம் போட்டார். சுமார் 750 கெஜ நீள மேலணை 1836-ல் முடிந்தது. பிறகு காவிரி வாய் அளவுக்கு மீறி ஆழமாகவே, 1845-ல் அங்கே படுகையைக் காக்கத் தளச்சுவர் போட வேண்டியிருந்தது. ஆறு சொன்னதைக் கேட்டுத் திருத்தினார்கள்.

அதே அனுபவத்தோடு கோதாவரிக்குப் போனார். தௌலேஸ்வரம் அணை 1847-ல் தொடங்கி 1852-ல் முடிந்தது. பஞ்சத்தில் வாடிய அந்த டெல்டா நெல் களஞ்சியமாயிற்று. 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. 1899 ஜூலை 24-ல், 96 வயதில் மறைந்தார். கோதாவரிக் கரை மக்கள் இன்றும் அவரைத் தெய்வமாக நினைக்கிறார்கள்.

மண் இயலின் தந்தை டெர்சாகி பிறந்ததே 1883-ல்தான். ஆக, காட்டன் கட்டியது மண் பரிசோதனை, கணக்கு எதுவும் இல்லாத காலம். இன்று நாம் பைல் அஸ்திவாரத்துக்கு, சூத்திரப்படி வரும் தாங்குதிறனை 2.5 என்ற பாதுகாப்பு எண்ணால் வகுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அது சரியா? மண்ணின் பலம் சராசரியிலிருந்து 20 சதவீதம் விலகும் இடத்தில், சுமையை மாறாததாகவும் விலகலை மணி வடிவப் பரவலாகவும் எடுத்தால், தோல்வி வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல். விலகல் 40 சதவீதமானால் நூற்றில் ஏழு! எண் அதே 2.5 தான், ஆபத்து ஐம்பது மடங்கு. இதைக் கணக்கில் எடுப்பதே நம்பகத்தன்மை வடிவமைப்பு. துளைகள் அதிகம் போட்டு, பைல்களைச் சுமையேற்றிச் சோதித்தால், நம் அறியாமை குறையும், வாய்ப்பும் குறையும்.

காலமும் ஒரு சுமைதான். பிற்காலத்தில் தூண்களும் ஷட்டர்களும் ஏறிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் 45 கண்களில் 9 கண்கள் சரிந்தன. 182 வருஷம் உழைத்த அணையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்று ஆற்றுப் படுகையை நம்பி உட்கார முடியாது என்பது அந்த இரவின் பாடம்.

ஸைட்டில் நிற்கும் நம் இளைய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. செலவைக் குறைக்கச் சொல்லி முதலில் கை வைப்பது மண் பரிசோதனையில்தான். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டைப் படியுங்கள்; பழைய கிணறு வெட்டியவரையும் கேளுங்கள். கரிகாலன் காலத்துக் கொத்தனாரிடம் பாடம் கேட்கக் காட்டன் துரை வெட்கப்படவில்லை. நமக்கென்ன வெட்கம்?