ஜான் கர்வென்

ஒரு கலையில் வல்லவரே அக்கலையைப் பிறர்க்குப் பயிற்றுதல் உலக இயல்பு. ஆயின், இசைக்குறியைக் கண்டு பாட அறியாதிருந்த ஒருவரே எண்ணிறந்த சிறுவர்க்கு அதனைப் படிக்கும் வழியைத் திறந்துவிட்டார் எனின், அது வியப்பன்றோ? அவரே ஆங்கில நாட்டுப் போதகராகிய ஜான் கர்வென்.

இவர் 1816ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் நாள் யார்க்ஷயரைச் சேர்ந்த ஹெக்மண்ட்வைக் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஸ்பெடிங் கர்வெனும் போதகரே. மைந்தர் லண்டனில் கல்வி முடித்து, 1838இல் பேசிங்ஸ்டோக் நகரில் உதவிப் போதகராக அமர்ந்தார். ஆங்கு இவர் உள்ளத்தைக் கவர்ந்தவர் சிறு பிள்ளைகளே.

அக்காலத்து ஆங்கிலச் சிறுவர், முதலில் எழுத்துக்களின் பெயர்களை நெட்டுருச் செய்து, பின்னரே அவற்றைக் கூட்டிச் சொல்லாக்கப் பழகினர். எழுத்தின் பெயர் ஒன்றாகவும் சொல்லில் அதன் ஒலி வேறொன்றாகவும் இருத்தலின் அவர்கள் பெரிதும் மயங்கினர். கர்வெனோ, பிள்ளைகள் நன்கறிந்த முழுச் சொல்லொன்றைக் காட்டி, அதனைச் சொல்லச் செய்து, அதன் பின்னரே உள்ளிருக்கும் எழுத்துக்களைப் பிரித்துக் காட்டினார். பொருள் முன், குறி பின் என்பதே இவர் கைக்கொண்ட நெறி.

1841இல் ஹல் நகரில் கூடிய ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர் மாநாடு, பிள்ளைகளுக்குப் பாட்டைப் பயிற்றும் எளிய முறையொன்றைத் தேர்ந்துரைக்கும்படி இவரை ஏவிற்று. இவருக்கோ ஒரு மெட்டைப் பிழையின்றிப் பிடித்தலே அரிதாயிருந்தது. ஆயினும், ஏற்ற பணியை இவர் கைவிட்டாரல்லர். நார்விச் நகரில் சாரா குளோவர் என்னும் அம்மையார், சுரப் பெயர்களின் முதலெழுத்துக்களையே இசைக்குறியாகக் கொண்டு ஏழைப் பிள்ளைகளைப் பாடுவித்து வந்தார். அம்மையார் 1835இல் வெளியிட்ட நூலைக் கற்றும், அவருடைய பள்ளியை நேரிற் கண்டும், கர்வென் தாமே மாணாக்கராகி இசை படிக்கப் பழகினார். வாசிப்புப் பாடத்திற் கண்ட உண்மையே இங்கும் விளங்கிற்று. ஒலி செவியிற் பதிந்த பின்னர்க் குறியைக் காட்டின், குறி அச்சமூட்டாது.

அம்மையாரின் முறையைத் திருத்தியும் விரித்தும் இவர் அமைத்ததே டானிக் சோல்பா எனப்படும். டோ, ரே, மீ முதலிய ஏழு சுரங்களுக்கும் ஒவ்வோரெழுத்தே குறி. பாட்டு எச்சுருதியில் தொடங்கினும் அதன் ஆதாரம் டோ என்றே வழங்கும். ச, ரி, க, ம என்று சுரமெழுதி, எச்சுருதியையும் சட்ஜமாகக் கொள்ளும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். தாளத்தைப் புள்ளிகளும் கோடுகளும் காட்டின. சாதாரண அச்செழுத்துக்களே போதுமாதலின் நூல்கள் மலிவாயின. சுரவெழுத்தின் கீழே பாட்டின் சொற்கள் அசையசையாகப் பிரித்து அச்சிடப்பட்டமையால், பாடுஞ் சிறுவன் ஒவ்வோரசையையும் கண்ணாற் கண்டு, செவியாற் கேட்டு, நாவாற் சொல்லினான். இசைப் பாடம் வாசிப்புப் பாடத்திற்கும் துணையாய் நின்றது.

எதிர்ப்பும் எழாமலில்லை. எழுத்தால் இசை கற்போர் ஐங்கோட்டுக் குறியைக் கற்கமாட்டார் என்று இசைவாணர் பலர் இகழ்ந்தனர். தொடக்கத்தில் கர்வென் தம் முறையை ஐங்கோட்டுக் குறிக்கு ஏறும் படியாகவே கருதினார். பின்னர் அது தனித்து நிற்கவும் தகுமெனத் துணிந்தார். இவர் செய்த மாற்றங்கள் குளோவர் அம்மையாருக்கு முழுதும் உடன்பாடாகவில்லை. எனினும் மூலம் அம்மையாருடையதே என்பதைக் கர்வென் மறைத்தாரில்லை.

1844இல் பிளெய்ஸ்டோ நகரப் போதகரான இவர், பின்னர் உடல்நலங் குன்றி அப்பணியினின்று விலகி, இசைக் கல்விக்கே தம்மை ஒப்புவித்தார். 1869இல் இம்முறைக்கெனக் கல்லூரியொன்று தோன்றிற்று. 1880ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் இவர் மறைந்தார்.

இவர் விதைத்த வித்து கடல் கடந்தும் முளைத்தது. தென்னாப்பிரிக்காவில் 1897இல் ஈனாக் சொண்டோங்கா இயற்றிய புகழ்பெற்ற பாடல் இக்குறியிலேயே எழுதப்பட்டது. நம் நாட்டு மிசோரத்துத் திருச்சபைகளில் இன்றும் இது வழங்குகின்றது. ஹங்கேரி தேசத்துக் கோடாய் தம் இசைக் கல்வி முறையில் இதனை எடுத்தாண்டார். தாளத்தை நன்குணருஞ் சிறுவர், சொல்லின் ஒலிப்பகுதிகளைப் பிரித்தறிவதிலும் பெரும்பாலும் வல்லராயிருத்தலை இக்கால ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பாட்டு ஒன்றே வாசிப்பைத் தந்துவிடும் என்று அவர்கள் கூறாராயினும், அஃது உற்ற துணையாதல் கூடும் என்பது தெளிவு.

நம் மாணவருட் பலர் நாளை ஆசிரியராவர். கர்வெனை உயர்த்தியது குரல்வளமன்று. கல்லாதவன் எவ்விடத்தில் இடறுகின்றான் என்பதைத் தாமே இடறிக் கண்டமையே. எளிதிற் கற்றவர், பிறர் ஏன் கற்கவில்லையென்று சினப்பர்; அரிதிற் கற்றவரோ அவர்க்கு வழி சமைப்பர். பின்தங்கிய பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் செவி அறிந்த ஒலியிலிருந்து அவனை அழைத்துச் செல்வோமாக.