காடையும் காங்கிரசும்: ஹியூம் துரையின் கதை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுங்கள் ஐயா என்றுதான் கேட்டார்கள். கேன்டீன் கதை, ஸ்டிரைக் கதை, விடுதிக் கதை எல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் காடை பிடித்த கதையில் ஆரம்பித்து ஒரு பெரிய மனிதரின் கதையில் முடிக்கப் போகிறேன். அவர் பெயரை நாம் எல்லோரும் ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் யார்? ஏ.ஓ. ஹியூம். அதோடு சரி, அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

எனக்குச் சொந்த ஊர் கோட்டுச்சேரி. தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும், வயலில் தாளடிக்கு நடுவே உளுந்தும் பச்சைப் பயறும் தலை தூக்கும். அப்போதுதான் காடை வரும். கௌதாரி வருஷம் முழுக்க வரப்போரப் புதரிலும் பனங்காட்டிலும் கத்திக்கொண்டிருக்கும். விடியற்காலையில் சித்தப்பா வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். நான் பின்னால் ஓடுவேன். முன்னால் போவது எங்கள் நாய். அதன் பெயர் துரை. 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது, ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வேட்டை நாயின் வம்சம் என்று சொல்லுவார்கள். உண்மையோ பொய்யோ, பார்த்தால் முக்கால்வாசி தெருநாய்தான். ஆனால் மூக்கு மட்டும் சீமை மூக்கு.

சாதாரண நாய் பறவை வாசனை பிடித்ததும் குரைத்துக்கொண்டு பாயும். துரை அப்படிச் செய்யாது. ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நிற்கும். ஒரு முன்னங்கால் தூக்கியபடி, வால் விறைத்து, மூக்கு ஒரே திசையைக் காட்டும். காடையும் எழாது, பயிருக்குள் பதுங்கிக் கிடக்கும். சித்தப்பா பூனை மாதிரி நடந்து போய், நாயின் மூக்கு காட்டும் இடத்தில் வலையை விரித்து வீசுவார். ஐரோப்பாவில் துப்பாக்கி வருவதற்கு முன்பே இப்படி நிற்கும் நாயை வைத்து வலை போட்டுத்தான் காடையும் கௌதாரியும் பிடித்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். நம்முடைய ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் கண்ணால் பார்த்து விரட்டுகிற சாதி. இது மூக்கால் கண்டுபிடித்து நிற்கிற சாதி. பனி ஈரம் இருக்கும்வரைதான் இந்த வித்தை பலிக்கும். வெயில் ஏறிவிட்டால் வாசனை காய்ந்துவிடும். கௌதாரியோ நாய் நிற்கும்போதே புதருக்குள் காலால் ஓடி ஏமாற்றிவிடும்.

ஒரு சித்திரை மாதம், சித்தப்பா சற்றுத் தள்ளி நின்றபோது, துரை ஒரு வேலியோரம் நின்று காட்டியது. வழக்கத்தைவிடத் தலையைத் தாழ்த்தியிருந்தது. அவர் கையை ஆட்டி வேண்டாம் என்று சைகை செய்ததைப் பார்த்தும் பார்க்காதவன் போல நான் வலையை வீசிவிட்டேன். சிக்கியது அடைகாத்துக்கொண்டிருந்த கௌதாரி. கீழே ஏழு முட்டைகள். வலையில் அடித்துக்கொண்டதில் பறவை செத்துப்போயிற்று. சித்தப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அந்த வலை மீன் பிடிக்க மட்டுமே வெளியே வந்தது. துரை கொஞ்ச நாள் விடியற்காலையில் வாசலில் நின்று பார்த்தது, அப்புறம் விட்டுவிட்டது.

நம் கல்லூரியில் சேர்ந்த பிறகு நூலகத்தில் இந்தியப் பறவைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் ஹியூம் என்ற பெயர். எந்த ஹியூம் என்று விசாரித்தால், அதே ஒரு மார்க் ஹியூம்!

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829-ல் பிறந்தவர். தந்தை ஜோசப் ஹியூம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் சீர்திருத்தக் கட்சிக்காரர். மகன் 1849-ல் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்து, வடக்கே எட்டாவா ஜில்லாவில் வேலை பார்த்தார். அங்கே ஊருக்கு ஊர் இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார். சாராய வருமானத்தில் சர்க்கார் நடப்பதை வெறுத்தார். 1857 கிளர்ச்சியில் உயிருக்கு ஆபத்து வந்து ஆக்ராவுக்குத் தப்பிப் போனார். திரும்பி வந்தபோது, தப்பு ஆட்சி செய்தவர்கள் மேலும் இருக்கிறது என்ற எண்ணத்தோடு வந்தார்.

1867 முதல் உப்புச் சுங்க இலாகாவின் தலைவர். உப்பு கடத்தப்படாமல் தடுக்க நாட்டின் குறுக்கே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுங்க எல்லை. அதில் பெரும்பகுதி முள்வேலி. அந்த வேலியை அடர்த்தியாக வளர்த்ததில் ஹியூமுக்குப் பெரிய பங்கு உண்டு. உப்பு விளையும் கடற்கரையில் பிறந்த நமக்கு அது இனிக்கிற சேதி இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வேலை நிமித்தமாகச் சுற்றிய இடமெல்லாம் பறவை சேகரித்தார்.

அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சி என்றால் சுடுவதுதான். சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டி வைப்பார்கள். சிம்லாவில் ராத்னி காசில் என்ற தம் மாளிகையில் ஹியூம் ஒரு பறவைக் காட்சிசாலையே வைத்தார். பறவைகளுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கையின் வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879 முதல் 1881 வரை மூன்று பாகங்கள் வெளியிட்டார். காடை, கௌதாரி, காட்டுக்கோழி எல்லாம் வண்ணப் படத்தோடு அதில் உண்டு. நாடெங்கும் இருந்த வேட்டைக்காரர்கள் கடிதம் எழுதித் தகவல் கொடுத்தார்கள்.

அவருக்கிருந்த வெறியைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். 1881-ல் மணிப்பூர் போனார். ஆனைப்புல்லுக்குள் ஒரு புதுவகைக் காடை ஒளிந்திருந்தது. எழுப்பினால் எழாது. ஆட்களை விட்டு அந்தப் புல்வெளியையே வெட்டிச் சாய்த்துப் பறவையைப் பிடித்தார். அதைப் படித்தபோது எனக்கு என் வலையும் ஏழு முட்டைகளும் ஞாபகம் வந்தன. வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் பெரிய துரைக்கும் சின்னப் பையனுக்கும் வித்தியாசம் இல்லை.

பிறகு அடி விழ ஆரம்பித்தது. மனதில் பட்டதை மேலிடத்தில் பேசியதால் 1879-ல் செயலாளர் பதவி போயிற்று. 1882-ல் ஓய்வு பெற்றார். இந்தியப் பறவைகள் பற்றிய பெரிய நூலுக்காகப் பல வருஷங்கள் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் ஊரில் இல்லாத சமயம், ஒரு வேலைக்காரர் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். ஒரு மனிதனின் உழைப்பு பொட்டலம் மடிக்கப் போயிற்று! இதற்கு முன்பே பிரம்மஞான சங்கத்தில் ஈடுபட்டு, புலால் மறுத்து, உயிர்க்கொலையிலும் வெறுப்புக் கொண்டிருந்தார். சங்கத்தோடு பின்னர் பிணக்கு வந்தது. ஆனால் துப்பாக்கியை அவர் திரும்பத் தேடவில்லை. 1885-ல் தம் சேகரிப்பு முழுவதையும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். சுமார் 82,000 உருப்படிகள், 47 தேவதாருப் பெட்டிகளில் கிளம்பிப் போயின.

அதே 1885 டிசம்பர் 28-ல் பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு காங்கிரஸ் கூடியது. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1887-ல் மூன்றாவது மகாசபை சென்னையில் நடந்தது. காங்கிரஸ் என்றால் என்ன என்பதை விளக்கி, வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதிய வினாவிடைப் புத்தகம் ஊர் ஊராகப் போயிற்று. பறவைக்காக நாடெங்கும் கடிதம் எழுதிப் பழகிய கை, இப்போது மனிதர்களுக்காகக் கடிதம் எழுதியது. வழி அதேதான், தேடிய பொருள்தான் மாறிவிட்டது. 1894-ல் இங்கிலாந்து திரும்பிய ஹியூம் செடிகொடி ஆராய்ச்சியில் இறங்கி, 1910-ல் தென் லண்டனில் ஒரு தாவரவியல் நிலையம் தொடங்கி, 1912 ஜூலை 31-ல் காலமானார்.

ஒரு சங்கதி மட்டும் மனதை உறுத்துகிறது. இமயமலைக் காடை என்று ஒரு பறவை. முசௌரி, நைனிதால் பக்கம் மட்டும் கிடைத்தது. நீண்ட புல்லுக்குள் பதுங்கி, மிதிக்காத குறையாகக் கிட்டப் போனால்தான் எழும். ஹியூம் காலத்தில் 1876-ல் நைனிதால் அருகே ஒன்று சுடப்பட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை நிச்சயமாகப் பார்த்தவர் இல்லை. உலகத்தில் மிஞ்சியிருப்பது மியூசியங்களில் கிடக்கும் சில தோல்கள்தான். இன்னும் எங்காவது ஒரு ஜோடி உயிரோடு இருந்தால், மனிதக் கண்ணுக்கு அகப்படாது. துரை மாதிரி ஒரு நாயின் மூக்குக்குத்தான் அகப்படும் என்று நினைத்துக்கொள்வேன். கொல்வதற்குப் பழக்கிய மூக்கு, காப்பாற்றவும் உதவலாம்.

இன்று காட்டுக் காடையோ கௌதாரியோ பிடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஓட்டலில் கிடைப்பது பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. சட்டம் இருந்தும் எங்கள் வயலில் காடைச் சத்தம் முன்போல இல்லை. தையில் போய் நின்றால் நாலைந்து நாளைக்கு ஒரு தரம் கேட்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. காங்கிரஸ் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1883-ல், ஹியூம் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சுயநலம் இல்லாத ஐம்பது பேர் கிடைத்தால் போதும், வேலை தொடங்கிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். படித்தவர்களே தங்கள் சௌகரியத்தை விடமாட்டோம் என்றால் நாடு எப்படி உருப்படும் என்று கேட்டார். அவர் அதைக் கேட்டபோது தம் சௌகரியத்தை விட ஆரம்பித்திருந்தார், ஆகையால் கேட்க அருகதை இருந்தது. பட்டம் வாங்கிய நாம் எதை விட்டோம் என்று இந்தச் சந்திப்பு நாளில் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். என் கணக்கில் ஒரு வீச்சுவலைதான் இருக்கிறது, அதுவும் சித்தப்பா விட்டது.

ஊரில் காடைச் சத்தம் கேட்டால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். பழைய பேப்பர்காரர் வருகிற நாளில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்!