மூன்றாம் வகுப்பு படித்தவர் பிரின்சிபால் ஆன கதை



வடுகபட்டி என்று சொன்னால், பெரியகுளம் பக்கத்தில் பூண்டுச் சந்தை கூடுமே, அந்த ஊரா என்பார்கள். ஆமாம், அதே ஊர்தான். அந்தச் சந்தையில் மூட்டை தூக்கித்தான் எங்க அப்பா என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இப்போது மின்னியல் டிப்ளமோ இறுதி ஆண்டு.

வேலை தேடுவது எப்படி என்று மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று மாணவர் மன்றத்து அண்ணன்கள் கேட்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வந்த ஒரு இன்டர்வியூவிலும் கோட்டை விட்டவன் நான்! அதனால், வேலை தேடத் தெரிந்த ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். ஜி.டி.நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர்.

முதலில் என் கதை கொஞ்சம். நம் கல்லூரிக்கு வந்த ஒரு கம்பெனிக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. ஒரு சிங்கிள் பேஸ் மோட்டாரில் இருந்து வெளியே வரும் ஒயர்களில் எது ஸ்டார்ட்டிங் வைண்டிங், எது ரன்னிங் வைண்டிங், மீட்டரை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றார். அந்த மோட்டாரின் படத்தைப் பரீட்சையில் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்து மார்க் வாங்கியவன் நான். ஆனால் ஒரு மோட்டாரைக்கூட நானாகத் திறந்து பார்த்தது கிடையாது. வாயைத் திறக்காமல் நின்றேன். வீட்டுக்குப் போனதும் அப்பா, என்னப்பா ஆச்சு என்று மட்டும் கேட்டார். அதற்கும் பதில் இல்லை.

அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் கூட்டிப் போனார்கள். பழனி தாண்டிப் பொள்ளாச்சி நோக்கிப் பஸ் போகும்போது எங்கள் சார் ஒருவர், இந்த ரோட்டில்தான் ஜி.டி.நாயுடு 1920-இல் முதல் பஸ்ஸை ஓட்டினார், அவரே டிரைவர் என்று சொன்னார். தூக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன்.

அவர் பிறந்தது 1893 மார்ச் 23-இல், கோவை சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஆகவே ஆகாது. வாத்தியார் மேல் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் என்று சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. (நம் ஹாஸ்டல் நண்பர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்!)

ஒருநாள் ஊர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள் நின்றுபோனது. ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அவர் பார்த்தது அப்போதுதான். மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கொண்டு வந்து கொடுத்து, அவர் துடைப்பதையும் மாட்டுவதையும் பக்கத்தில் இருந்தே பார்த்தார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. இவர் மனசு அதன் பின்னாலேயே போய்விட்டது.

இதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மெக்கானிக் ஆக ஆசைப்பட்டவர் இலை போட்டார், தண்ணீர் வைத்தார். சில வருஷம் காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றி ஜம்பமாக ஓட்டித் திரியவில்லை. அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார், திரும்ப மாட்டினார். அதுதான் அவருக்கு ஒர்க்‌ஷாப் பாடம்.

நம்மில் பலர் டிப்ளமோ படித்துவிட்டு இந்த வேலைக்கா போவது என்று கூசுகிறோம். நானும் அப்படித்தான். ஆனால் சர்வர் வேலை அவருக்கு வண்டி வாங்குகிற வழி. அதை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

அப்புறம் திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம். அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, சேர்த்ததைத் தொலைத்துவிட்டுத் திரும்பினார். கோவையில் பெரிய தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிடைத்தது. அப்படி வந்ததுதான் அந்த முதல் பஸ். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது.

பஸ் முதலாளியாகவே இருந்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் இருந்தபோது பேட்டரியில் ஓடும் சவர ரேஸர் செய்தார், பெயர் ரசாந்த். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழம் பிழியும் கருவி, ஏமாற்ற முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1952-இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் செய்து காட்டினார். லைசென்ஸ் கிடைக்காமல் அது நின்று போயிற்று.

நம் பக்கத்துக்கு முக்கியமானது 1937. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் அவர் மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். எங்கள் ஊர்ப்பக்கக் கிணறுகளில் கோயம்புத்தூர் மோட்டார் தண்ணீர் இறைக்கிறதே, அந்தத் தொழிலுக்கு ஆரம்பம் அங்கேதான்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1945-இல் அவர் கொடுத்த நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஹோப் அப்போது சென்னை மாகாணக் கவர்னர். பிரின்சிபால் யார்? மூன்றாம் வகுப்பு படித்த நம் நாயுடு! நாலு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. வேலை பார்ப்பவர்களுக்கும் வகுப்பு நடத்தலாம் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டு வந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்து பி.இ. படிக்க நம்மில் சிலர் கனவு காண்கிறோமே, அதே கல்லூரி.

இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவரோடு சண்டை உண்டு. பம்பாயில் தோற்றவருக்குத் திரும்பி வர ஊரில் நிலம் இருந்தது, கைகொடுக்க ஸ்டேன்ஸ் இருந்தார். எங்க அப்பாவுக்கு இருப்பது தோள் மட்டும்தான். என் போன்றவனைக் கம்பெனி வாசலில் உள்ளே விடுவது அந்தச் சர்டிபிகேட்தான். வாட்ச்மேன் முதலில் கேட்பதே அதைத்தான். ஆகவே, படிப்பை விட்டால் நாயுடு ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் என்னிடம் கேட்டது மோட்டாரைத்தானே? அதில் அவர் சொன்னது சரி. மூன்று வருஷத்தில் என் கையில் கிரீஸ் பட்ட நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

விசிட் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியகுளத்தில் ஒரு வைண்டிங் கடையில் போய் நின்றேன். சம்பளம் வேண்டாம், வேலை கற்றுக் கொடுங்கள் அண்ணே என்றேன். முதல் வாரம் டீ வாங்கி வரத்தான் அனுப்பினார். இரண்டாம் வாரம் எரிந்துபோன காயிலை வெட்டி எடுக்கச் சொன்னார். இப்போது எனக்குத் தெரியும். மெல்லிய கம்பியில் சுற்றியது ஸ்டார்ட்டிங் வைண்டிங், மீட்டரில் ஓம்ஸ் கூடக் காட்டும். தடித்த கம்பி ரன்னிங் வைண்டிங், குறைவாகக் காட்டும். மோட்டார் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் முதலில் கெபாசிட்டரைப் பார்க்க வேண்டும். புத்தகத்திலும் இதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. விரல் சுட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று. 1961-ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நமக்கு ஒரு வருஷப் பயிற்சி உண்டு. மாதம் உதவித்தொகையும் தருவார்கள். நம் தென்மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அது நிரந்தர வேலை இல்லையே, பணம் கம்மியாச்சே என்று நம் சீனியர்கள் பலர் விட்டுவிட்டார்கள். நான் பதிவு செய்யப் போகிறேன். எனக்கு அது ஓட்டல் வேலை மாதிரி.

நாயுடு 1974 ஜனவரி 4-இல் காலமானார். கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வருகிற மாதம் கோயம்புத்தூரில் எனக்கு இன்னொரு இன்டர்வியூ. அப்பா சந்தைக் கூலியில் எடுத்துவைத்து ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நகத்துக்குள் இருக்கும் வார்னிஷ் கறைதான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பழனி வழி பஸ்ஸில்தான் போகிறேன்.