புல்லுக்குத் தொப்பி போட்ட டார்வின்

டார்வின் என்றாலே நமக்குக் குரங்குதான் ஞாபகம் வரும். அவர் வயசான காலத்தில் புல்லுக்குத் தொப்பி போட்டுப் பார்த்த கதை உங்களுக்குத் தெரியுமா?

சார்லஸ் டார்வின் 12.2.1809 அன்று இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். எட்டு வயதிலேயே அம்மா இறந்துட்டாங்க. அப்பா டாக்டர். மகனையும் டாக்டர் படிப்புக்கு அனுப்பினார். அப்போது மயக்க மருந்து கிடையாது. வலியோடு நடந்த ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் டார்வின் வெளியே ஓடி வந்துட்டார். அந்தப் படிப்பு பாதியிலேயே நின்றது. பிறகு 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகம் சுற்றினார். 1859ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார்.

அதோடு அவர் ஓய்வு எடுக்கலை. 1876ல் அவருடைய மகன் பிரான்சிஸின் மனைவி, குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் இறந்துட்டார். பிரான்சிஸ் கைக்குழந்தையோடு டவுன் கிராமத்தில் இருந்த அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவும் மகனும் சேர்ந்து செடிகளை ஆராய்ந்தார்கள்.

ஜன்னல் ஓரச் செடி ஏன் வெளிச்சத்துப் பக்கம் சாயுது? பறவைத் தீனிக்குப் பயன்படும் ஒரு புல்லை முளைக்க வைத்தார்கள். சில முளைகளின் நுனியில் வெளிச்சம் புகாத சின்னத் தொப்பி மாட்டினார்கள். அவை வளையவே இல்லை! நுனியை மட்டும் விட்டுவிட்டு அடிப்பாகத்தைக் கறுப்பு மணலில் புதைத்தார்கள். அவை வளைந்தன! வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகுது என்று கண்டுகொண்டார்கள். 1880ல் இதைப் புத்தகமாக வெளியிட்டபோது டார்வினுக்கு வயது 71.

ஜெர்மனியில் பெரிய தாவரவியல் பேராசிரியரான சாக்ஸ் இதை ஏத்துக்கலை. வீட்டில் வைத்துச் செய்த சோதனை எல்லாம் சரியாக இருக்காது என்று ஒதுக்கிட்டார். 19.4.1882 அன்று டார்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் அவர் சொன்னதுதான் சரி! 1926ல் ஹாலந்தில் வென்ட் என்ற இளைஞர், நுனியிலிருந்து கீழே இறங்கும் பொருள் ஒன்று இருப்பதைச் சோதனையில் காட்டினார். அதுதான் ஆக்சின். வெளிச்சத்தை உணரும் புரதத்துக்கான மரபணுவை 1997ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தின் பெயர் போட்டோட்ரோபின். நீல ஒளி பட்டதும் அது விழித்துக்கொள்ளும். உடனே ஆக்சின் நிழல் பக்கம் அதிகமாகப் போய்ச் சேரும். அந்தப் பக்கத்துச் செல்கள் நீளமாக வளரும். அதனால் முளை வெளிச்சத்தைப் பார்த்து வளையுது!

தோழர்களே, டார்வினிடம் இருந்தது முளையும் தொப்பியும் மணலும்தான். நம்மிடமும் கம்பு விதை இருக்கு, மிட்டாய்க் காகிதம் இருக்கு. ஓர் அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டு நீங்களும் செய்து பாருங்கள். எந்த முளை வளைந்தது என்று எங்கள் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்!

– 9ஆம் வகுப்பு மாணவி